ஒன் சைடு அங்கிள்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது அந்தப் பட்டப்பெயரைத்தான். ஒன் சைடு அங்கிள். கேட்டதும் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடும். அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாகப் பொங்கித் தின்கிறார், இதில் பெயர் வேறு ஒன் சைடு. “பாவம், பொண்ணு யாரு?” என்று எங்கள் அம்மாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் உண்டு. அம்மா சிரிக்காமல், “பொண்ணு இல்லங்க, பிளேன்” என்பாள். கேட்டவர்கள் இன்னும் குழம்பிப் போவார்கள்.

விஷயம் இதுதான். அவர் போர் விமானங்களின் சின்ன மாடல்களை ஒட்டி அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பார். உள்ளங்கையில் உட்காருகிற அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் துண்டுகள் டப்பாவில் வரும். ஒட்டுவதற்கு ஒரு வாரம் என்றால் பெயிண்ட் அடிக்க நாலு மாதம் எடுத்துக்கொள்வார். நிஜ விமானத்தில் கரும்பச்சையும் மண் நிறமும் எப்படித் திட்டுத் திட்டாக இருந்தனவோ அப்படியே இருக்கவேண்டும். வாலில் எழுதியிருந்த நம்பர், றெக்கையில் இருந்த மூவர்ண வட்டம், சக்கரத்துக்குப் பக்கத்தில் பூச்சி போல எழுதியிருக்கும் எச்சரிக்கை வரிகள், எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு பக்கம்தான் இருக்கும். அவரிடம் இருக்கிற போட்டோவில் விமானத்தின் இடது பக்கம் தெரிந்தால் இடது பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பார். வலது பக்கம் வெறும் சாம்பல் பிரைமரோடு மொட்டையாக நிற்கும். ஏன் அங்கிள் என்று கேட்டால், “அந்தப் பக்கம் நான் பார்க்கலம்மா” என்பார்.

அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் ஒரு தத்துவமும் கிடையாது. நான் தோண்டித் தோண்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், சேலையூரில் இருந்துகொண்டு விமானம் செய்தால், ஏர்ஃபோர்ஸில் இருந்தவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவர் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வேலையில் இருந்த காலத்தில், வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் போன தடவை கணக்கைப் பார்த்து உத்தேசமாக ஒன்றை எழுதிவிட்டு வருவார்களாம். இவர் ‘பூட்டு’ என்று எழுதுவார். ஒரே தெருவில் பத்து வீடு பூட்டியிருந்தால் பத்து பூட்டு. “உத்தேசமாப் போடுய்யா” என்று மேலதிகாரி கத்தியதற்கு, “உத்தேசமா கரண்ட் எரியுமா சார்?” என்று கேட்டிருக்கிறார். கிண்டலுக்கு இல்லை, சந்தேகமாகத்தான் கேட்டிருக்கிறார். கிண்டல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டு அவரைத் திருநீர்மலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

எங்களுக்கு எதிர் வீடு அவருடையது. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் பெயிண்ட் குப்பிகள், சின்ன கம்ப்ரெசர், பல் குத்துகிற குச்சிகள், மாஸ்கிங் டேப். பகலில் மட்டும்தான் வேலை. “டியூப்லைட் வெளிச்சத்துல பச்சை பொய் சொல்லும்” என்பார். விமானத்தை ஒரு குச்சியில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தெருவில் போகிற பால்காரர் ஆரம்பத்தில் அது குச்சி ஐஸ் என்று நினைத்திருந்தார்.

ஒருநாள் அம்மா, சாம்பார் கிண்ணத்தைக் கொடுக்கப் போனவள், அங்கேயே நின்று கேட்டாள். “ஏங்க, கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே பச்சையும் மண்ணுமா அடிக்கிறாங்க? அப்புறம் அது மேல எதுக்கு ஆரஞ்சு, வெள்ளை, பச்சைன்னு பளபளன்னு ஒரு வட்டம்?”

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். “எதிரிக்குத் தெரியக்கூடாதும்மா. ஆனா நம்மாளுங்களுக்குத் தெரியணும். இல்லன்னா நம்மாளே சுட்டுருவான்.”

“அப்ப எதிரிக்கும் அது தெரியுமே?”

“தெரியும்தான்.”

“அப்ப பச்சை எதுக்கு?”

“பச்சை இருந்ததும்மா. போட்டோல இருக்கு.”

அம்மா வீட்டுக்கு வந்து, “நல்ல மனுஷன்தான், ஆனா பேசினா தலை வலிக்குது” என்றாள்.

இன்னொரு விமானம் இருந்தது. வாலில் நாலு, பிறகு ஒரு வெற்றிடம், பிறகு ஏழு. போட்டோ எடுத்தபோது ஒரு மெக்கானிக் எண்ணுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருக்கிறார், அவர் தோள் மறைத்த இலக்கம் என்னவென்று தெரியாது. எனவே அங்கே ஒன்றும் எழுதவில்லை. கோவிலம்பாக்கத்திலிருந்து இதே பைத்தியம் உள்ள ஒருவர் கையில் பிரிண்ட் அவுட்டோடு வந்து, “சார், அதிகாரபூர்வ டிராயிங்கே இருக்கு, ரெண்டு பக்கமும் போட்டிருக்கான்” என்று காட்டினார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். “இது எப்படி அடிக்கணும்னு சொன்னது. அடிச்சவன் எப்படி அடிச்சான்னு இதுல இல்லையே” என்றார். வந்தவர் டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

பெயிண்டிலேயே அவருக்குப் பிடித்தது பழைய பெயிண்ட். வெள்ளி நிறத்தில் இருந்த விமானத்துக்கு அவசரமாகப் பச்சை அடித்திருப்பார்களாம். அது வெளுத்த பிறகு அதன் மேலேயே இன்னொரு பச்சை. இரண்டு பச்சைக்கும் நடுவில் எத்தனை வெயில் போயிருக்கிறது என்று அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார். எனக்கு இரண்டும் பச்சைதான்.

ஒரு தடவை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கண்காட்சிக்கு அவருடைய விமானங்களைக் கேட்டார்கள். கொண்டுபோய் மேஜை மேல் அடுக்கினார். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. தலைமை ஆசிரியை மேஜையைச் சுற்றிப் பின்பக்கம் வந்து அதிர்ந்துபோனார். “சார், ஏதோ ஒரு பச்சை அடிச்சு விட்டுடுங்களேன், யார் பார்க்கப் போறாங்க?” என்றார். “ஏதோ ஒரு பச்சைன்னு ஒண்ணு இல்ல மேடம்” என்று இவர் பதில் சொன்னார். கடைசியில் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டார்கள். சிறப்பு விருந்தினராக வந்த ஒரு பழைய பைலட் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த பிளேன் நானே ஓட்டியிருக்கேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், தைரியமா அடிங்க” என்றார்.

“நீங்க உள்ள இருந்தீங்க சார்” என்றார் அங்கிள்.

பைலட் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. தான் ஜோக் எதுவும் சொன்னதாக அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, என் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கிற வரைக்கும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஒரு வேலை நடக்கும். விசாரிப்பு என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர், சும்மா வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் போலத் தெருவில் நடப்பார்கள். மளிகைக் கடையில் ஒரு சோடா குடிப்பார்கள். பெண் எப்படி, வீடு எப்படி, எத்தனை மணிக்கு வருவாள், யாரோடு வருவாள் என்று கேட்பார்கள். தெருவுக்கும் இதில் ஒரு தர்மம் உண்டு. என்ன சண்டை இருந்தாலும் அன்றைக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அயர்ன் கடைக்காரர், என் துப்பட்டாவைத் தீய்த்ததற்காக முந்தின வாரம்தான் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், “தங்கமான பொண்ணு சார் அது. குனிஞ்ச தல நிமிராம போய்க்கினு வந்துகினு கீது” என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு மோட்சம் நிச்சயம்.

அடுத்து எதிர் வீட்டு கேட்டைத் தட்டியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று தரகு பேசிய அத்தை பிற்பாடு வந்து, வரி விடாமல் சொன்னாள்.

“எதிர் வீட்டுப் பொண்ணு எப்படி சார்?”

“அஞ்சு அடி நாலு அங்குலம் இருக்கும்.”

“அதில்ல சார். குணம்?”

“குணம் நான் பார்க்கல.”

“கோவம் கீவம் வருமா?”

“வரும். பார்த்திருக்கேன்.”

பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். கோடையில் ஒருநாள் தண்ணி லாரிக்காரர் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனதற்கு நான் தெருவில் இறங்கி, கையில் இருந்த வாளியை லாரி மேல் வீசினேன். “பச்சை வாளி. லாரிக்கு ஒண்ணும் ஆகல. வாளிதான் உடைஞ்சது” என்று நியாயமாக அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் சோடா குடித்த கையோடு தங்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை.

நான் விடவில்லை. நேராகப் போனேன். “ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க?”

“கேட்டாங்கம்மா.”

“நல்ல பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய்ல முத்தா உதிர்ந்துடும்?”

“நல்ல பொண்ணுதான்” என்றார். கையில் குச்சியில் செருகிய விமானம் இருந்தது. “ஆனா அதை நான் எங்க பார்த்தேன்? அது கண்ணுல படற மாதிரி ஒண்ணு இல்லையேம்மா.”

எனக்குக் கோபம் வரும் என்பதை நிரூபிக்கும் விதமாக அவர் வீட்டு கேட்டை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கல்கலாவும் அச்சு முறுக்கும் போகவில்லை. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வழக்கம் போல வாசலில் நின்று “ஹேப்பி கிறிஸ்மஸ் சார்” என்றார். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த வரன் மேடவாக்கத்திலிருந்து வந்தது. சொந்த ஃப்ளாட், ஐ.டி. வேலை, மாமனாராக வரவேண்டியவர் அவர்கள் சர்ச்சில் கமிட்டி மெம்பர். இந்தத் தடவை அப்பா முன்ஜாக்கிரதையாக இருந்தார். விசாரிக்க வந்தவர்கள் எதிர் வீட்டைப் பார்த்ததுமே, “அவருக்குச் சுத்தமாக் காது கேக்காதுங்க, நீங்க ஒண்ணு கேட்டா அவர் ஒண்ணு சொல்வார்” என்று சொல்லித் திருப்பிவிட்டார். அப்பா ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சரளமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து, அம்மா பத்திரிகை வைத்து வரவழைத்திருந்த அங்கிளின் காதோரம் குனிந்து, “சாப்பிட்டீங்களா?” என்று கத்தினார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் அதிர்ந்துபோய், “சாப்பிட்டேன்” என்றார். மேடைக்கு வந்து எனக்குக் கை கொடுக்கும்போது, “அவங்க வீட்ல ரொம்ப சத்தமாப் பேசறாங்கம்மா” என்று மட்டும் சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பூச்செண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். போட்டோவில் அது வெட்கம் மாதிரி விழுந்திருக்கிறது.

என் கணவராக இருந்தவரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இது அவரைப் பற்றிய கட்டுரை இல்லை. அவர் சத்தமாகப் பேசவே மாட்டார். குரலை உயர்த்தாமல் அடிப்பார். ஆரம்பத்தில் கோபத்தில் அடித்தார், பிறகு கோபம் இல்லாமலும் அடித்தார். முகத்தில் அடிக்க மாட்டார், ஆபீஸுக்கும் சர்ச்சுக்கும் போகவேண்டும் அல்லவா. தண்ணி லாரி மேல் வாளி வீசிய எனக்கு அந்த வீட்டில் ஒரு தம்ளரைக்கூடத் தூக்கக் கை வரவில்லை. அது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம், அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. மாமியார் என்று ஒருவர் இருந்தார். பேசமாட்டார். கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்ப்பார், பிறகு உள்ளே போய்க் குழம்பைக் கிளறுவார். அடித்தவரைவிட அந்த அம்மாவைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். பார்த்துக்கொண்டே சும்மா இருக்கிறாளே என்று மனதுக்குள் அவரை நான் திட்டாத வார்த்தை இல்லை.

ஒரு வருடம் ஆவதற்குள் ஒருநாள் மதியம், ஒரு ஆட்டோ பிடித்து சேலையூர் வந்து இறங்கினேன். நல்ல வெயில். எதிர் வீட்டு வாசலில் அங்கிள் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு விமானத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கேட்டின் கொண்டி மேலே இருக்கும், கையைத் தூக்கித்தான் எடுக்கவேண்டும். வலது கையைத் தூக்கினேன். பாதிக்கு மேல் வரவில்லை. குர்தாவின் கை மட்டும் தோள்வரை நழுவி இறங்கியது. நான் அப்படியே நின்றேன். அவர் தெருவைத் தாண்டி வந்து கொண்டியை எடுத்துவிட்டார்.

“அம்மா உள்ளதான் இருக்காங்க. பார்த்தேன்” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

அம்மா அழுதாள். எண்ணெய் காய்ச்சி ஒத்தடம் கொடுத்தாள். முழுக்கை ரவிக்கையும் முழுக்கை சுடிதாரும் வாங்கி வந்தாள். நான் போனை எடுத்துக் கையைப் படம் பிடிக்கப் போனபோது, “ஐயோ, இதையெல்லாம் போட்டோ எடுப்பாங்களாடி? நாளைக்கு யார் கையிலாவது மாட்டினா மானம் போயிடும்” என்று போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டாள். அப்பா ஜெபம் பண்ணினார். போலீஸ் வேண்டாம், வக்கீல் வேண்டாம், சபையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். “பாஸ்டர் சொல்றபடி கேட்போம். இருன்னா இரு. போன்னா போகணும்மா” என்றார். பேச்சுவார்த்தைக்குத் தேதி குறித்து எல்லோரும் கூடுவதற்குள் என் கை பழைய கையாகிவிட்டது. காட்டுவதற்கு அதில் ஒன்றுமே மிச்சம் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, எங்கள் சர்ச்சை ஒட்டிய பாரிஷ் ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். மாமனார்தான் பேசினார். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா பாஸ்டர். பையன்தான் தூக்கி விட்டான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நாலு வார்த்தை வந்திருக்கும், இல்லைங்கல. இவ கோவக்காரி. தண்ணி லாரி மேலயே வாளியைத் தூக்கி அடிச்சவ. எங்களுக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சது.” பக்கத்தில் என் கணவர் பைபிளை மடியில் வைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. மாமியார் பின்னால் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பாஸ்டர் நல்லவர். ஆனால் சின்ன வயது, ஊருக்குப் புதிது. “பெத்தவங்க தவிர வேற யாராவது பார்த்தாங்களாம்மா?” என்று கேட்டார்.

“எதிர் வீட்டு அங்கிள் பார்த்தார்” என்றேன்.

அப்பா நெற்றியில் கையை வைத்தார். “போயும் போயும் அவரையா?” என்று என் காதில் முணுமுணுத்தார்.

ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அயர்ன் பண்ணிய சட்டையோடு வந்து உட்கார்ந்தார். விரல் நகத்தில் பச்சை ஒட்டியிருந்தது. மாமனார் அவர் காதருகே குனிந்து, “நல்லா இருக்கீங்களா?” என்று கத்தினார். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“சார், இந்தப் பொண்ணை அவங்க வீட்ல யாராவது அடிச்சாங்களா?” என்று பாஸ்டர் கேட்டார்.

“நான் பார்க்கல.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“வாளி எறிஞ்சாளா இல்லையா, அதைக் கேளுங்க பாஸ்டர்” என்றார் மாமனார்.

“எறிஞ்சா. அது நான் பார்த்தேன்.”

“அவ்வளவுதான். அவங்க சாட்சியே சொல்லிட்டார். பாஸ்டர், நீங்க ஜெபம் பண்ணி அனுப்பி வைங்க. நாங்க பொண்ணை நல்லாப் பார்த்துக்கறோம்” என்று மாமனார் எழுந்தே விட்டார். அப்பா ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பாஸ்டர் சொல்கிறபடி கேட்பதாக வாக்குக் கொடுத்திருந்தார், கொடுத்தால் மீறாதவர்.

பாஸ்டர் மட்டும் அங்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நீங்க என்னதான் சார் பார்த்தீங்க?”

“கையைப் பார்த்தேன். வலது கை. முழங்கைக்கு மேல, வெளிப்பக்கம். உள்பக்கம் நான் பார்க்கல.”

“கையில என்ன இருந்தது?”

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. “உச்சி வெயில் சார், கலர் சரியாத் தெரிஞ்சது. அடியில ஒரு மஞ்சள். சுத்த மஞ்சள் இல்ல, கொஞ்சம் பச்சை கலந்தது. அதோட ஓரமெல்லாம் கரைஞ்சு போயிருந்தது. அதுக்கு மேல கருநீலம், நடுவுல சிவப்பு. அதோட ஓரம் கரையல, கோடு போட்ட மாதிரி இருந்தது. நாலு விரல் அகலம். தோள் பக்கத்துல தனியா இன்னொரு மஞ்சள், அது ரொம்ப வெளுத்துப்போச்சு. இருந்ததா இல்லையான்னு ரெண்டு தடவை பார்த்தேன். இருந்தது.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதனால என்ன சொல்ல வர்றீங்க?” என்றார் பாஸ்டர்.

“ஒரே நாள்ல அடிச்சது இல்ல சார்.”

“அடிச்சதா?”

“பெயிண்ட்டைச் சொல்றேன். பெயிண்ட்டா இருந்தா அது ஒரே நாள்ல அடிச்சது இல்ல. மூணு கோட். மூணும் வேற வேற நாள்.”

மாமனார் சிரித்தார். “சார், இது என்ன சுவரா? தோல் சார். ஒரு தடவை வழுக்கி விழுந்தாலே நாலு கலர்ல வீங்கும். இதெல்லாம் ஒரு சாட்சியா பாஸ்டர்?”

பாஸ்டர் அங்கிள் பக்கம் திரும்பினார். “தோலும் பெயிண்ட் மாதிரிதானா சார்? உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

ஒரு ஆமாம் போதும். தலையைக்கூட ஆட்டினால் போதும். அப்பா அவரைக் கெஞ்சுவது போலப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் யோசித்தார். எனக்கு அவரைத் தெரியும், அந்த யோசனை எங்கே போய் முடியும் என்றும் தெரியும்.

“எனக்குப் பெயிண்ட்தான் தெரியும். தோல் தெரியாது” என்றார்.

கையில் ஏதாவது இருந்திருந்தால் அவர் மேல் எறிந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். மாமனார், “அப்புறம் என்ன?” என்று இரண்டு கையையும் விரித்தார். என் கணவர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

“தோலும் அப்படித்தாங்க.”

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போல அங்கிளைப் பார்த்துச் சொன்னார். “மொதல்ல செவப்பா இருக்கும். மறுநாள் கருநீலம். அந்த மஞ்சள் வர்றதுக்கு நாலஞ்சு நாளாவது ஆகும். நீங்க சொன்னது சரிதான். மூணும் வேற வேற நாள்தான்.”

மாமனார் விரித்த கை விரித்தபடி நின்றார்.

“அப்படியாம்மா? எனக்குத் தெரியாது” என்றார் அங்கிள்.

பாஸ்டர் எழுந்து நின்றார். பிறகு, “பொண்ணு அவங்கப்பா வீட்லயே இருக்கட்டும்” என்றார். மாமனார் சட்டைப் பையில் கார் சாவியைத் தேடினார்.

எல்லோரும் வெளியே வந்தோம். மாமனார் காரை எடுத்து வந்து நிறுத்தி, உள்ளே இருந்தபடியே பின்கதவைத் திறந்துவிட்டார். நான் ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். “அத்தை, நீங்களும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இப்பவே வாங்க. போகாதீங்க” என்றேன்.

அவர் என் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“மாமாவுக்கு மத்தியானம் மாத்திரை குடுக்கணும்மா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.